ஓட்டைக்கு ஏற்ற மேட்

விஷ்ராந்த்வாடிக்கு இன்னும் ஒரு மைல் இருக்கும்போது செருப்பின் வார் அறுந்தது. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். லோஹேகாவில் ஒரு வீட்டில் டிரைவர் வேலையை அரை மணி நேரத்துக்கு முன்புதான் விட்டிருந்தேன். விட்டேன் என்று சொல்வது கௌரவத்துக்காக. கேட்டைக் காட்டிப் "போடா" என்றார்கள், வந்துவிட்டேன். பையில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, லைசென்ஸ். இதே சாமானோடு பல ஊர்களிலிருந்து நடந்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிவண்டியில் தறி, சோலாப்பூரில் ஓட்டல், பிறகு லாரியில் கிளீனர், அப்படியே டிரைவர். வேலை போனால் வருத்தப்படும் வழக்கம் எனக்கு இல்லை. அன்று சிரிப்புத்தான் வந்தது. கார் தரையில் போடும் ரப்பர் மேட்டுக்காக வேலை போனவன் புனேயிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. முதலாளி அரசாங்க ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற தமிழர். முப்பது வருடமாக இந்த ஊரில் இருப்பவர், கோயில் கமிட்டியில் முக்கியஸ்தர். எந்தப் பொருளை வாங்கினாலும் அதை மூடி வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். டி.வி. ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குத் துணி உறை, சோபாவுக்கு உறை, அந்த உறையின் மேல் ஒரு துண்டு. அவருடைய சின்னக் காருக்கு ஒன்பது வயது. சீட்டில் கம்பெனிக்காரன் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக்கை இன்னும் கிழிக்க விடவில்லை. வெயில் காலத்தில் எழுந்தால் சட்டையை முதுகிலிருந்து உரித்தெடுக்க வேண்டும்.

தரையில் மேட். மேட் அழுக்காகக் கூடாது என்று அதன் மேல் தமிழ்ப் பேப்பர். தரை அழுக்காகக் கூடாது என்று அதன் கீழேயும் தமிழ்ப் பேப்பர். ஜூனில் மழை பிடித்தால் கீழே இருக்கும் பேப்பர் கூழாகித் தகரத்தோடு ஒட்டிக்கொள்ளும், தீபாவளிவரை காயாது. சுரண்டி எடுத்து வெயில் காட்டலாம் என்று ஒருமுறை சொன்னேன். "வண்டியப் பத்தி நீ எனக்குப் பாடம் எடுக்காதே" என்றார். தினமும் காலையில் நான் மஞ்சள் துணியால் மேல்பக்கத்தைத் துடைப்பேன், அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு தன் முகம் அதில் தெரிகிறதா என்று பார்ப்பார். குனிந்து கீழே பார்த்ததே இல்லை.

முன்பக்க இடது சீட்டுக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில், தகரம் துருப்பிடித்து உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. சுற்றிலும் இருந்த தகரம் அப்பளம்போல் நொறுங்கியது. மேட்டும் அதே இடத்தில் கிழிந்துவிட்டது. ஒருநாள் காய்கறி மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த பையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு, கிழிசல் வழியாகச் சாலைக்கே போய்விட்டது. அதைப் பார்த்த அன்றுதான் காரை விற்பது என்று முடிவு செய்தார்.

வாங்க வந்தவர் சாங்வியில் குடியிருந்தவர். வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை, வட ஆற்காட்டுப் பக்கத்து ஆள். கோயிலில் என் முதலாளியைப் பார்த்துப் பழக்கம். பழக்கம் என்றால் இவர் கும்பிடுவார், அவர் தலையசைப்பார். வாங்க வந்தவருக்கு ஒரே மகள், கல்லூரியில் இரண்டாம் வருடம். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. காலில் இரும்புக் காலிப்பர் மாட்டி, அக்குளில் கட்டை ஊன்றித்தான் நடப்பாள். பஸ்காரன் அவள் படியில் ஏறும்வரை நிற்பதில்லை. அவளைக் கல்லூரியில் கொண்டுவிடத்தான் கார். முன்னால் இடதுபக்கம் அவள் உட்காருவாள் என்பதைக் கோயிலிலேயே பேசி முடித்திருந்தார்கள். அதே ஓட்டைக்கு மேல், தானாக நகர்த்திக்கொள்ள முடியாத காலை வைத்துக்கொண்டு.

இது எனக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இது:

"புது மேட் போட்டா, எதுக்குடா இப்பப் புதுசு போட்டான்னு தூக்கிப் பாப்பான். பழசா இருக்கணும். கிழிசல் கூடாது. கெட்டியா இருக்கணும். இந்தக் காருக்கே பொறந்த மாதிரி இருக்கணும். புரியறதா?"

"புரியுது சார்."

"அச்சா. போ."

நானா பேட்டில் கார் சாமான் விற்கும் சந்தில் கடை கடையாக ஏறி இறங்கினேன். மனிதன் செருப்பைத் துடைக்கத்தான் இத்தனை தினுசா என்று அங்கேதான் தெரிந்தது. சிவப்பு வெல்வெட்டில் ஒன்று, கல்யாண மேடையைப் பிய்த்துக்கொண்டு வந்தாற்போல. கண்ணாடிமாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ஒன்று, அது எங்கள் வேலைக்கு உதவாது. சுருள் சுருளாக நூடுல்ஸ் மேட் என்று ஒன்று. அதில் ஒரு முறை சோற்றுப் பருக்கை விழுந்தால் கார் உள்ளவரை அங்கேயேதான். வாங்க வந்தவர்களோ பெண் பார்க்க வந்தவர்களைப்போல மேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒருத்தர் மோந்துகூடப் பார்த்தார்.

நான் பழைய மேட் கேட்டதும் கடைக்காரன் கணக்கெழுதும் பேனாவைக் கீழே வைத்தான். "இத்தன வருஷத்துல பழசு கேட்டு வந்த மொத ஆளு நீதான், பாய்" என்று இந்தியில் சொன்னான். "காருக்குள்ள யாரையாவது பொதச்சிருக்கியா?"

"இன்னும் இல்ல" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜூனா பஜாரில், பழைய இரும்புக் குவியல்களுக்கு நடுவே, லாரி கேபினிலிருந்து கழற்றிய கறுப்பு ரப்பர் விரிப்பு ஒன்று கிடைத்தது. அரை விரல் கனம், மேலே வரிவரியாகக் கோடு. ரப்பரைச் சும்மா வெட்டினால் கத்தி மாட்டிக்கொள்ளும்; சோப்புத் தண்ணீர் தொட்டுத் தொட்டு வெட்டினால் வெண்ணெய்போலப் போகும். லாரியில் கற்றது. காரின் பழைய மேட்களை மேலே வைத்து அளவெடுத்து நாலு இடத்துக்கும் வெட்டினேன். டிரைவர் பக்கத்தில் குதிகால் படும் இடத்தைச் செங்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கினேன், ஒன்பது வருடக் குதிகால் தேய்த்ததுபோல. ஓரத்தில் கொஞ்சம் சேற்றை அப்பிக் காயவைத்துத் தட்டினேன். முதலாளி வந்து பார்த்துவிட்டு, "பர்ஃபெக்ட்" என்றார். ஒரு வருடத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு விழுந்த ஒரே பாராட்டு. வெட்கக்கேடு என்னவென்றால் எனக்கு அது பிடித்திருந்தது. அன்று இரண்டு முறை கதவைத் திறந்து என் கைவேலையை நானே பார்த்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவும் மகளும் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்கள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், நெற்றி நிறைய விபூதியோடு. காரைச் சுற்றி வந்தார், கோயில் பிராகாரம் சுற்றுகிற வேகத்தில். டயரை உதைக்கவில்லை, பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. முதலாளி, "நீங்களே பாருங்கோ, தூக்கிப் பாருங்கோ, ஆட்டிப் பாருங்கோ" என்றார். அந்த மனுஷன் காதைத் தொட்டுக்கொண்டார்.

"ஐயோ, இன்னா சார் நீங்க. உங்க வண்டிய நான் சந்தேகப்பட்டுப் பாக்கறதா?"

முதலாளி அதைக் கேட்டுக் கண்ணை மூடித் தலையாட்டினார். எனக்கு இருவரையும் ஒரே கயிற்றில் கட்டிப் போடலாம்போல இருந்தது. ஒருத்தர் ஏமாற்றுவதற்காக விபூதி பூசியிருந்தார், இன்னொருத்தர் ஏமாறுவதற்காகவே பூசிக்கொண்டு வந்திருந்தார்.

நான் இடதுபக்கக் கதவைத் திறந்து பிடித்தேன். அந்தப் பெண் சீட்டில் உட்கார்ந்து, முதலில் கட்டையை உள்ளே வைத்தாள். பிறகு அதன்மேல் பாரத்தைக் கொடுத்துக் காலிப்பர் போட்ட காலை இழுத்தாள். கட்டையின் முனை மேட்டோடு சேர்ந்து மெதுவாக உள்ளே அமுங்கியது. அவள் நிறுத்தினாள். மறுபடி அழுத்திப் பார்த்தாள்.

"அண்ணா, இங்க ஏன் நரம்மா, மெத்துனு இருக்கு?"

கேள்வி எனக்குத்தான். முதலாளி இரண்டடி தள்ளி நின்றிருந்தார். லாரி மேட் சார், கனமாக இருக்கும், அப்படித்தான் அமுங்கும் என்று ஒரு பதிலை அவர் எனக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார். அது வாய்வரைக்கும் வந்தது.

அப்பா அதற்குள், "கால உள்ள வைம்மா, சார் நிக்கறாரு இல்ல" என்றார்.

அவள் இரண்டு கையாலும் தன் காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். பூட்ஸின் குதிகால் சரியாக அந்த இடத்தில் இறங்கியது. லாரியில் போகும்போது தெறித்து வரும் ஜல்லியின் வேகம் எனக்குத் தெரியும்.

"மேட்டத் தூக்கிப் பாரு தாயி" என்றேன்.

"ஏய்!" என்றார் முதலாளி.

"வேணாம்மா, தப்பு" என்றார் அப்பா.

அவள் கட்டையின் முனையால் மேட்டின் ஓரத்தை நெம்பித் தூக்கினாள். குனிந்து பார்த்தாள்.

"அப்பா, கீழ ரோடு தெரியுது."

"இன்னாது?"

"ரோடுப்பா. ஒரு கோழி எறகு கிடக்குது. வந்து பாருங்க."

முதலாளி ஓடி வந்து குனிந்தார். அந்தக் காரின் தரையை அவர் குனிந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. "அரே பாப்ரே! டேய், என்னடா இது? எனக்குத் தெரியவே தெரியாதே! மேட் வாங்கிண்டு வந்து போட்டது நீதானே? மறைச்சுப்பிட்டயே பாவி!"

மேட் வாங்கியது நான்தானே.

அந்தத் தகப்பனைத்தான் பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது, என்மேல். "சாருக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லாம இருப்பாரா? எல்லாம் இந்த மாதிரி ஆளுங்க பண்றது" என்றார். முதலாளி உடனே, நம்மவராயிற்றே என்று விலையில் ஏதோ குறைப்பதாக இழுத்தார். அப்பா யோசிக்கவும் ஆரம்பித்துவிட்டார். மகள் இரண்டு கையாலும் காலைத் தூக்கி வெளியே வைத்து, கட்டையை ஊன்றி எழுந்து, "சலோப்பா" என்று கேட்டைப் பார்க்க நடந்தாள். அப்பா அவளுக்காக முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பின்னாலேயே போனார். ஏமாற்ற வந்தவரிடம் ஏமாறாமல் போனதற்கு மன்னிப்பு. பிறகு எனக்குக் கேட்டைக் காட்டினார்கள்.

இப்படித்தான் விஷ்ராந்த்வாடிச் சாலையில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு ரிக்‌ஷா வேகம் குறைந்து பக்கத்தில் நின்றது. உள்ளே அவர்கள் இருவரும். அவர்களுக்கு ரிக்‌ஷா கிடைக்க அவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டும்.

அப்பாதான் ஆரம்பித்தார். "இன்னாய்யா மனுஷன் நீ? அவரு வூட்டு சோத்தத் துன்னுட்டு அவரு மானத்த வாங்கிட்டியே. நாளைக்கு நான் கோயில்ல அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"ஓட்ட அவர் வண்டியிலதான் இருந்துச்சுண்ணே."

"இருக்கட்டுமே! அத எல்லார் எதிர்லயும் சொல்றதா?"

"அப்பா, சுப் இருங்க" என்றாள் மகள். என்னைப் பார்த்தாள். "மேட் யாரு செலக்ட் பண்ணது?"

"நான்தான்."

"கட் பண்ணது?"

"நான்தான்."

"ஏக்தம் ஒரிஜினல் மாதிரி இருந்துச்சு. கட்டை இல்லேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது." பாராட்டா திட்டா என்று முகத்தில் தெரியவில்லை. "நாளைக்குக் கோந்த்வாவுல இன்னொரு வண்டி பாக்கப் போறோம். அப்பா அங்கயும் கையக் கட்டிக்கிட்டுத்தான் நிப்பாரு. மேட் தூக்க ஒரு ஆளு வேணும். வரீங்களா?"

"மேட் தூக்கறதுக்கு ஒரு ஆளா?" என்றார் அப்பா. "ஊரு சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும். கால் என்னுது."

என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டேன். ஒருநாள் கூலியும் சாப்பாடும் என்றாள். அதைவிட மட்டமான வேலைகளை அதைவிட மட்டமான கூலிக்குச் செய்திருக்கிறேன். எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ரிக்‌ஷா போனது. அன்றிரவு கட்கி ஸ்டேஷனில் படுத்தேன், காலையில் செருப்பைத் தைத்துக்கொண்டேன்.

கோந்த்வாவில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக்குக் கீழே கார் நின்றது. நீலம், கழுவித் துடைத்து, உள்ளே சாம்பல் நிறக் கார்ப்பெட் மேட், அதில் பிரஷ் போட்ட கோடுகூடக் கலையவில்லை. விற்கிறவர் கண்ணாடி போட்ட ஆபீசர், வார்த்தைக்கு வார்த்தை 'ஜீ' போட்டார். அப்பா அவரைக் கும்பிட்டுவிட்டு, காருக்குள் ஏறச் செருப்பைக் கழற்றினார். மகள் கட்டையை ஊன்றியபடி வெளியிலேயே நின்று என் பக்கம் தலையை அசைத்தாள்.

"இவர் யார்?" என்று இந்தியில் கேட்டார் ஆபீசர்.

"மேட் பாக்கறவரு" என்றாள் அவள், அதே இந்தியில்.

நான் முழங்காலைத் தரையில் ஊன்றி இடதுபக்க மேட்டைத் தூக்கினேன். கீழே மண், ஒரு ஹேர்பின், காய்ந்த ஆரஞ்சுத் தோல். முஷ்டியால் நாலு இடத்தில் தட்டினேன். தகரம் கெட்டியாகச் சத்தம் கொடுத்தது. எழுந்து, பின்கதவைத் திறக்கச் சொன்னேன்.