ஜெயராஜின் ஒருசந்தி

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஜெயராஜ் சூளைக்காரர். கரி அள்ளிப் போட்டு, சின்னத் துளை வழியாக நெருப்பின் நிறம் பார்த்து, ஊறுகாய் ஜாடிகளையும் பியூஸ் கட்டைகளையும் வேக வைப்பது அவர் வேலை. பேட்டையில் அவரை அடையாளம் சொல்ல இன்னொன்றும் இருந்தது. தபசு காலம் வந்தால் ஒருசந்தி. சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை, ஞாயிறுகளில் மட்டும் இரண்டு வேளைக் கஞ்சி; மற்ற நாளெல்லாம் சாயங்காலம் ஒரு வேளைதான் சாப்பாடு. அதுவும் ஒரு கைப்பிடி.

அறுபதுகளில் திருச்சபையே சட்டத்தைத் தளர்த்திவிட்டது. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் இருந்தால் போதும் என்று கோயிலில் சொன்னார்கள். ஜெயராஜ் தளரவில்லை. கல்யாணமான புதிதில் அவர் கட்டுக் கட்டாகப் பீடி குடித்தவர். மனைவி சவரியம்மாள் அழுதும் விடாத பீடி, ஒரு தபசு காலத்தில் பசியும் ஜெபமுமாக இருந்தபோது விட்டுப்போனது. இருமல் நின்றது. உடம்பு இறகுபோல் ஆனது. அதிலிருந்து, "சோத்தையே தள்ளி வெக்கத் தெரிஞ்சவனுக்கு வேற எது பெருசு?" என்பார்.

ஆனால் ஒரு சிக்கல். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் மறுநாள் அவருக்கு வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும். அறுபத்தொன்பதில் சூளை முன்னாலேயே சுருண்டு விழுந்தார். ஆள் இல்லாமல் நெருப்பு இறங்கி, ஒரு சூளை ஜாடி முழுக்க அரைவேக்காடாக வந்தது. மேஸ்திரி தேவநாதன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"அடுத்த வருசமும் இப்படி ஆச்சுன்னா நீ களிமண் கொட்டாய்க்குப் போயிடு. சூளைக்குக் கரி தள்ளுற சாமிதுரையப் போட்டுடுவேன்."

டாக்டரும் பட்டினியை விடச் சொன்னார். சவரியம்மாள் அதையே பிடித்துக்கொண்டாள்.

"வுட்டுத் தொலையுங்களேன். ஆண்டவரு உங்க வயித்தையா கேட்டாரு?"

"பட்டினி கெடக்கற நாள்ல எனக்கு என்னாடி ஆச்சு? ஒரு நாளாவது லீவு போட்டிருக்கனா?"

எழுபதிலும் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு ஒருசந்தியைத் தொடங்கினார்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் வந்தது. சூளை வெந்து ஆறிக்கொண்டிருந்தது. மங்கலம்பேட்டைக் கடைக்கு ஜாடி ஏற்ற லாரி வந்து நின்றது. சாமிதுரை கடப்பாரையோடு போய், செங்கல் அடுக்கி மண் பூசியிருந்த சூளை வாசலில் கை வைத்தான். ஜெயராஜ் ஓடி வந்தார்.

"யோவ், எடுய்யா கைய! உள்ள இன்னும் தகதகன்னு இருக்குது. குளுந்த காத்து பட்டா அம்புட்டும் வெடிச்சிடும்."

"லாரிக்காரன் கத்துறான்."

"கத்தட்டும். மேல ஒரு கல்லு, நாளைக்கு ரெண்டு கல்லு. மெதுவாத்தான் தொறக்கணும்."

சாமிதுரை கடப்பாரையைக் கீழே போட்டான். தோற்றவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஜாடிக்கு இம்மாம் பக்குவம் பாக்கறீங்க. உங்க வயித்துக்குப் பாத்தீங்களா? நாப்பது நாளு காயப் போட்டுட்டு, ஈஸ்டரு அன்னிக்கு ஒரு சட்டி கறிய உள்ள தள்ளுறீங்க. அது வெடிக்காம என்னா செய்யும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெயராஜ் சிரிக்கவில்லை. அந்தச் சனிக்கிழமையே டாக்டரிடம் போய், ஈஸ்டர் சாப்பாட்டை ஒன்றுவிடாமல் சொன்னார். கறிக்குழம்பு, வறுவல், ஈரல், மேலே பாயசம்.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "இத ஏன்யா போன வருசம் சொல்லல?"

"நீங்க பட்டினியப் பத்தித்தானே கேட்டீங்க?"

"சரி, கஞ்சியில ஆரம்பி. கறி நாலு நாள் போவட்டும். சூளைகிட்ட நிக்கறவன், அடுத்த தபசுலருந்து தண்ணிய மட்டும் கொறைக்காத."

ஈஸ்டர் காலையில் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து மச்சான் தர்மராஜ் கறியோடு வந்து இறங்கினார். மதியம் வீடெல்லாம் மசாலா வாசனை. ஜெயராஜ் முன்னால் மட்டும் கஞ்சிக் கிண்ணம்.

"என்னா மாமா, ஆண்டவரு உயிர்த்துட்டாரு, நீங்க இன்னும் கல்லறையிலயே இருக்கீங்க?"

"நான் மெதுவா வரேன் மச்சான். நீ சாப்புடு."

"எங்கக்கா கையால வெச்ச கொழம்ப வேணாங்கறீங்களா?"

நாக்கில் எச்சில் ஊறியது. நாற்பது நாளில் வராத சோதனை இப்போதுதான் வந்தது. குழம்புக் கரண்டியோடு நின்ற சவரியம்மாளைப் பார்த்தார். அவள் கரண்டியைத் தம்பி இலைப் பக்கம் திருப்பினாள்.

"அவரு பங்கும் உனக்குத்தான்டா. பேசாம தின்னு."

மறுநாள் காலை மேஸ்திரி தேவநாதன் கையோடு சாமிதுரையை அழைத்துக்கொண்டு சூளைக்கு வந்தார். ஜெயராஜ் அங்கே அடுத்த சூளைக்கு வாசல் கட்டி, மண் பூசிக்கொண்டிருந்தார். மேஸ்திரி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"வயிறு?"

"நல்லா இருக்குதுங்க. பத்த வெக்கலாமா?"

மேஸ்திரி சாமிதுரையின் பக்கம் திரும்பினார். "நீ போய் கரி தள்ளு."

அந்த வாரம் வியாழக்கிழமை ஜெயராஜ் வீட்டில் கறி எடுத்தார்கள். சாமிதுரைக்கும் ஒரு தூக்குச்சட்டி போனது. எழுபதுகள் முடியும்வரை அந்தச் சூளை வாயில் வேறு ஆள் நிற்கவில்லை. தபசு காலம் வந்தால் பக்கத்தில் ஒரு பானைத் தண்ணீர் மட்டும் புதிதாக இருந்தது.