தளவாய்க்குப் பால்

தேநீர் மணி அடித்ததும் லைனில் நிற்கும் பெண்கள் கேன்டீன் பக்கம் திரும்புவார்கள். முத்துச்செல்வி மட்டும் முதலுதவி அறைக்கு நடப்பாள். கையில் டிபன் பை. அதில் டிபன் இல்லை. பால் எடுக்கும் பம்ப், பாட்டில், பனிக்கட்டி. பாட்டிலுக்கு ஒரு பழைய காலுறையை மாட்டியிருப்பாள். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அவள் கண்ணுக்கே தெரியக் கூடாது.

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில், கார்களுக்கான ஒயர்களைக் கொத்தாகச் சேர்த்து டேப் சுற்றும் வேலை. அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் காய்த்துவிட்டது. மார்பைப் புறங்கையால்தான் நீவிவிடுகிறாள். சங்கரன்கோயில் பக்கத்துப் பெண். கணவன் வேல்ராஜுக்கு இருங்காட்டுக்கோட்டையில் வேலை. இருவரும் இல்லாத நேரத்தில், மண்ணூரில் அவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டிருக்கும் சுந்தராம்பாள் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். ஐந்து மாதக் குழந்தைக்குத் தாத்தா பெயர்: தளவாய்.

"தளவாய் அய்யா பால் குடிச்சாரா?" என்று லைனே விசாரிக்கும்.

"குடிச்சாரு. குடிச்சிட்டு வீட்டுக்காரம்மா மேலயே கக்குனாராம்" என்பாள், சிரிக்காமல்.

வேலைக்குத் திரும்பிய பிறகு பால் குறைந்தது. சுந்தராம்பாள் மறைக்கவில்லை. "இன்னாம்மா, பாதி பாட்டில்கூட இல்லியே. புள்ள வெறும் ரப்பரச் சப்பிக்கினு என் மூஞ்சியப் பாக்குது." வேல்ராஜ் ஒரு பால் பவுடர் டின் வாங்கி வந்தான். "அவசரத்துக்குக் கெடக்கட்டும்ட்டி." முத்துச்செல்வி அதன் பெயர் தெரியாதபடி டின்னைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

லைனில் பழகிய புத்தி. அங்கே தலைக்கு மேல் ஒரு பலகையில் டார்கெட் ஓடும். எண் பச்சையானால்தான் மூச்சு வரும். பாட்டிலின் கோடுகளையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். தேநீர் வேளையில் எடுக்காமல் தேக்கி வைத்தால் சாப்பாட்டு வேளையில் பாட்டில் நிறையும் என்று நினைத்தாள். முதலில் நிறையவும் செய்தது. பிறகு அதுவும் இறங்கியது.

முதலுதவி அறை நர்ஸ் அமலா, இரண்டு பிள்ளை பெற்றவள், விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "இது இன்னா ஸ்டோரா, சேத்து வெக்கிறதுக்கு? நிறுத்தி வெச்சா, போதும் போலன்னு ஒடம்பு நெனச்சுக்கும். எடுத்துக்கினே இரு. காலியானாதான் ஊறும்."

"ஒண்ணுமே வரலன்னா என்னத்தக்கா எடுக்க?"

"வரலன்னாலும் பம்ப்ப வெச்சுக்கினு ஒக்காரு. வூட்டுக்குப் போனதும் புள்ளைய மார்ல போடு, சோறு அப்பால. அளவப் பாத்து மெரளாத." பாட்டிலுக்கு மாட்டும் காலுறையும் அமலா கொடுத்ததுதான்.

அடிக்கடி எழுந்து போவதற்கு லைன் ஒத்துழைக்க வேண்டும். ஆள் எழுந்தால் அந்த இடத்தில் நிற்கும் ரிலீவர் தென்றல், சூப்பர்வைசர் முகம் சுளிப்பதற்குள் வந்து நின்றுவிடுவாள். "போய்ட்டு வா. ஒன் எடத்துல டேப் சுத்துவேன். பால் எடுக்கற வேல மட்டும் என்னால ஆவாது." சாப்பாட்டு மேசையில் ஆளாளுக்குக் குழம்பிலிருந்து பூண்டைப் பொறுக்கி முத்துச்செல்வியின் தட்டில் போட்டார்கள். தென்றல் மூக்கைப் பொத்திக்கொள்வாள். "பால் வருதோ இல்லியோ, ஒன் பக்கத்துல கொசு வராதுடி."

பல நாள் காலுறைக்குள் கனமே இல்லை. பம்ப் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கு அந்த டின்ன ஒடச்சிரலாம்னு இருக்கேன்க்கா" என்றாள் ஒரு நாள், குனிந்தபடி.

"புள்ள பசிச்சா குடு. அதுல தப்பு இன்னா கீது? பம்ப்ப மட்டும் வுட்றாத" என்றாள் அமலா.

அன்று மாலை கம்பெனி பஸ்ஸில் முன் இருக்கைப் பெண் ஊரில் விட்டு வந்த தன் பிள்ளையை போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை வீறிட்டது. முத்துச்செல்வியின் மார்பு சுறுசுறுவென்று இழுத்தது. நீலச் சட்டையில் இரண்டு ஈர வட்டங்கள் படர்ந்தன. பக்கத்தில் இருந்த தென்றல் அவசரமாகத் தன் துப்பட்டாவை உருவி நீட்டினாள்.

"போத்திக்கடி. பின்னால இருக்கற ஆம்பளைங்க இறங்குவாங்க."

முத்துச்செல்வி வாங்கிக்கொண்டாள். போர்த்தவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு, விரியும் ஈரத்தைக் குனிந்து பார்த்தபடியே வந்தாள்.