பாதி வழியில் திரும்பிய விண்ணேற்றம்

எங்கள் ஊர்க் கோயிலில் ஆண்டவரைப் பரலோகத்துக்கு அனுப்பிவைக்கும் பொறுப்பு சித்தப்பாவிடம் இருந்தது. முல்லைத்தீவுக் கரையில் வலை இழுக்கிறவர்களுக்குக் கயிறும் கப்பியும் கைவந்த விஷயம் என்பதால், விண்ணேற்றப் பெருநாளன்று உயிர்த்த இயேசுவின் சுரூபத்தைக் கயிற்றில் கட்டி, பீடத்துக்கு மேலே தொங்கும் வெள்ளைத்துணி மேகத்துக்குள் இழுத்து மறைப்பார்கள். சுரூபத்தின் பாதம் மறைந்ததும் இரண்டு சம்மனசுகள், வானதூதர் வேஷம் போட்ட இரண்டு பிள்ளைகள், முன்னால் வரவேண்டும். ஏன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள், போனவர் போனபடியே திரும்பி வருவார் என்று சனங்களுக்குச் சொல்லவேண்டும். எனக்கு எட்டு வயதான வருஷம் அந்தச் சம்மனசுகளில் ஒன்று நான். மற்றது வாய் திறக்காத சம்மனசு. பேச்சு முழுவதும் என்னுடையது என்ற பெருமையில் ஒரு கிழமையாக வீட்டில் ஒருவரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை.

அந்தக் கிழமை வீட்டில் வேறொரு கதையும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, எங்களோடுதான் இருந்தார். அவருடைய ஒரே மகனை, எங்கள் அண்ணாவை, சண்டையின் கடைசி நாட்களில் சனத்திலிருந்து பிரித்து ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஆளும் இல்லை, தகவலும் இல்லை. நான் அப்போது கைக்குழந்தை. அண்ணாவை எனக்கு அலுமாரியில் இருந்த படத்தில்தான் தெரியும். பெரியம்மா அவரைத் தேடி ஏறாத வாசல் இல்லை.

அம்மாவின் தம்பியான மாமா இதற்கு ஒரு முடிவு வேண்டும் என்று நினைத்தார். மாமா கெட்டவர் அல்ல. அக்கா இப்படித் தேய்ந்துபோவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் மோட்டர் சைக்கிளில் வந்து, குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

“அக்கா, இருந்திருந்தால் இவ்வளவு காலத்துக்கு ஒரு சொல்லாவது வந்திருக்கும். அவன்ர ஆத்துமத்துக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுப்பம். சுவாமியாரோட நான் கதைக்கிறன்.”

பெரியம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். இந்தக் கதையை எடுத்தாலே எழும்பிப் போய்விடுகிறவர், அன்று எழும்பவில்லை.

“பெருநாள் முடியட்டும் தம்பி. சொல்லுறன்,” என்றார்.

மாமா போன பிறகு அம்மா கிணற்றடியில் நின்று அழுதார். அக்கா களைத்துப்போனா என்று அப்பாவிடம் சொன்னார். அந்தப் பூசைக்குச் சம்மதித்தால், அண்ணா இல்லை என்று பெற்ற தாயே ஒத்துக்கொண்டதாகும் என்பது எனக்கும் விளங்கியது. எனக்கும் துக்கமாகத்தான் இருந்தது. ஆனால் என் சம்மனசுச் சட்டைக்கு இன்னும் இறகுச் செட்டை தைத்து முடியவில்லை என்பது அதைவிடப் பெரிய துக்கமாக இருந்தது.

பெருநாளன்று கோயில் நிறைந்திருந்தது. பெரியம்மா வழக்கம்போல வாசலோரம், தெரு தெரியும்படி, கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார். மாமாவும் வந்திருந்தார். பாட்டுத் தொடங்க, திரைக்குப் பின்னால் சித்தப்பா கயிற்றை இழுக்க, சுரூபம் அசைந்து அசைந்து மேலே போனது. பாதம் மேகத்துக்குள் மறைந்தது. நான் முன்னால் வந்து, ஏன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று உரத்த குரலில் கேட்டேன்.

சனங்கள் உண்மையிலேயே அண்ணாந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர்களுடைய முகம் மாறிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தேன். மேகத்துக்குக் கீழே மறுபடியும் பாதம் தெரிந்தது. பிறகு முழங்கால். பிறகு ஆசீர்வதிக்கும் கை. சித்தப்பா அந்த வருஷம் பழைய கயிற்றை விட்டுவிட்டுப் புது நைலோன் கயிற்றை நம்பியிருந்தார். அது அவர் கைக்குள் வழுக்கிக்கொண்டிருந்தது. ஆண்டவர் அவசரமில்லாமல் இறங்கி வந்தார். மிச்சம் சொல்லவேண்டியதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. ஆனாலும் ஒரு சம்மனசு சும்மா நிற்கலாமா?

“இந்தா, வந்திட்டார்,” என்றேன்.

கோயில் முழுவதும் சிரித்தது. சுவாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். சித்தப்பா கயிற்றைத் திட்டியது ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது. இரண்டாம் முறை சுரூபம் ஒழுங்காக மேலே போய்ச் சேர்ந்ததாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. வெட்கம் தாங்காமல் செட்டையைக் கழற்றிக்கொண்டு கோயிலின் பின்பக்கம் ஓடிவிட்டேன்.

பூசை முடிந்ததும் பெரியம்மாவும் மாமாவும் அங்கே வந்தார்கள். நான் தண்ணீர்த் தாங்கிக்கு மறுபக்கம் நின்றேன்.

“அப்ப, சுவாமியாரிட்டச் சொல்லட்டே அக்கா?” என்று மாமா கேட்டார்.

“வேண்டாம் தம்பி. பூசை ஒப்புக்கொடுக்கிறதெண்டால், அவன் வாறதுக்கு ஒப்புக்கொடு.”

 மாமா, “சரி அக்கா,” என்று சொல்லிவிட்டு மோட்டர் சைக்கிளை எடுக்கப் போனார்.

பெரியம்மா என்னைக் கண்டுவிட்டார். கிட்ட வந்து, என் முகத்தில் கண்ணீரில் கரைந்திருந்த பவுடரைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். அவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது, ஆனால் முகம் தெளிந்திருந்தது. எனக்குப் பயம் பிடித்தது. நான் உளறியதைப் பெரியம்மா உண்மை என்று எடுத்துவிட்டார், அவரை ஏமாற்றக் கூடாது என்று நினைத்தேன்.

“பெரியம்மா, அது சித்தப்பாவின்ர கயிறு வழுக்கினதாலதான்.”

“ஓம் பிள்ளை. தெரியும்.”

தெரிந்தும் அவர் முகம் ஏன் அப்படி இருந்தது என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்குத்தான் சரியாக விளங்கவில்லை என்று நினைத்து, நைலோன் கயிறு எப்படி வழுக்கும் என்பதை வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே நடந்தேன். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தார்.