மன்னிக்குத் தெரிந்தது

சிங்கப்பூரில் வேலை பார்த்த அண்ணா, யுத்தம் நெருங்கியதும் மன்னியை மட்டும் கப்பலேற்றி அனுப்பிவிட்டார். மாட்டுங்காவில் அப்பாவும் நானும் குடியிருந்த இரண்டு அறைக்கு அவள் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். பின்னாலேயே வருவதாகச் சொன்ன அண்ணா வரவில்லை. சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனபின் ஒரு தகவலும் இல்லை.

அப்பாவும் நானும் அவரைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம். மன்னி விடவில்லை. ஒருநாள் கோயிலிலிருந்து வந்தவள், "அவர் சௌக்கியமா இருக்கார். எனக்குத் தெரியும்" என்றாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. "நம்பறேன்னு சொல்லுங்கோ மன்னி. தெரியும்னா, எப்படித் தெரியும்?"

"பகவான் இருக்கார்னு தெரியறாப்பலதான். நம்பறேன்னா கொஞ்சம் சந்தேகமும் ஒட்டிண்டிருக்கும். எனக்கு அது இல்லையே."



யுத்தம் முடிந்து கப்பல்கள் வரத் தொடங்கியதும், அண்ணாவோடு ஒரே ஆபீஸில் இருந்த ஒருவர் வீடு தேடி வந்தார். முதல் வருஷமே அண்ணா ஜுரத்தில் போய்விட்டதாகவும், தானே கொள்ளி வைத்ததாகவும் சொன்னார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மன்னி வந்தவரிடம் கேட்டது இவ்வளவுதான்: "கடைசீல ஜலம் கேட்டாரா? கொடுத்தேளா?"

கொடுத்ததாக அவர் சொன்னார்.

காரியங்கள் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது, நான் கேட்காமலே மன்னி சொன்னாள்: "எனக்குத் தெரிஞ்சது தப்பாப் போச்சு. ஆனா அன்னிக்கு வெறுமே நம்பறேன்னு சொல்லியிருந்தா, அது பொய்யாக்கும்."

"இப்போ, பகவான்?"

"இருக்கார்" என்றாள். டிரங்குப் பெட்டியைப் பூட்டிக்கொண்டே, "கேக்கறதுக்குத்தான் ஒண்ணுமில்லை" என்றாள்.

பாலக்காட்டில் அவளைப் பிறந்தகத்தில் விடப் போன அப்பா, ஊரிலேயே தங்கிவிட்டார். ஆபீஸ் விட்டு வந்து நானே பூட்டைத் திறந்து, நானே விளக்கைப் போட்டேன். அவளுடைய நிச்சயம் வீட்டில் இருந்த தைரியத்தில்தான் இத்தனை வருஷம் நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. என்னுடையதென்று என்னிடம் எதுவுமே இருக்கவில்லை.

மெஸ்ஸில் ஒருநாள் பக்கத்து இலைக்காரர், கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார்.

"ஒரு அண்ணா இருந்தார்" என்றேன்.

'இருந்தார்' என்று என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. மோரை வாங்கிக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.