சன்னாசி பெயரில் ஒரு முகம்

மலாயாவில் கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டங்களில் அமிர்தலிங்கம் வரையாத கோயில் சுவர் இல்லை. மரம் சீவ வந்தவர்தான். பால் வாளிகளில் எண் எழுதப் போய், தூரிகை கையோடு ஒட்டிக்கொண்டது. அவர் வரைந்த வாசற்காவலர்களுக்கெல்லாம் தோட்டத்து ஆட்களின் முகம். பார்த்த முகம்தான் அவர் கையில் வரும். தானாக ஒன்றை உண்டாக்க வராது.

ஜப்பான்காரன் வந்தபின் ஆள் உருவம் வரைவதை விட்டுவிட்டார். லாரியில் சிவப்பு வட்டம், பலகையில் எழுத்து, அவ்வளவுதான்.

"எனக்கு மொகம் போடத் தெரியும்னு வாயத் தொறந்திடாதீங்க. எவனையாவது காட்டிக் குடுக்கச் சொல்வானுங்க" என்று எல்லாரிடமும் கெஞ்சிவைத்தார்.

கோயில் சுவர் காட்டிக்கொடுத்துவிட்டது. சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போன தோட்டத்து ஆள் சன்னாசி, லாரியிலிருந்து குதித்துக் காட்டுக்குள் ஓடிவிட்டான். தேடி வந்த அதிகாரி, சுவரிலிருந்த காவலரையும் பக்கத்தில் நின்ற தோட்டத்து மேஸ்திரி, மண்டோர் தங்கராஜுவையும் மாறி மாறிப் பார்த்தான். அச்சு அசல் ஒரே முகம். வரைந்தவன் யார் என்றான்.

அமிர்தலிங்கத்தை ஆபீசுக்கு இழுத்துப்போய் மேசைமேல் தாளும் கரியும் வைத்தார்கள். அதிகாரி தன் வாளையும் வைத்தான். சன்னாசியின் முகம் வேண்டும், இப்போதே.

சன்னாசியை வரைந்தால் அவன் உயிர் போகும். வேறு யாரை வரைந்தாலும் அந்த ஆள் மாட்டுவான். 'மாரியாத்தா, நீதான் துணை' என்று கண்ணை மூடினார். மழைக்காலத்தில் காய்ச்சலில் செத்துப்போன முனியாண்டியின் முகம் வந்தது. செத்தவனை யார் பிடிப்பது? கை ஓடியது.

அதிகாரி தாளை மண்டோர் முன்னால் பிடித்தான். "சன்னாசி?"

முனியாண்டியைக் குழியில் இறக்கியதே மண்டோர்தான். ஆனாலும் ஆமென்று தலையாட்டினார்.

படத்தைக் கடைத் தூணில் ஒட்டி, சிப்பாய் ஒருவனைக் காவல் வைத்தார்கள். முனியாண்டியின் மனைவி மங்கம்மா கிழங்கு வாங்க அங்கேதான் வருவாள் என்பது அப்புறம்தான் அமிர்தலிங்கத்துக்கு உறைத்தது. ஓடினார். அவளோ ஏற்கனவே தூணுக்கு எதிரே நின்றிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

சிப்பாய் அதட்டினான். மண்டோர் குறுக்கே வந்தார். "இவன் யாருன்னு கேக்குறான், மங்கம்மா. பாத்துச் சொல்லு."

அவள் மண்டோரைப் பார்த்தாள். வியர்த்து நின்ற அமிர்தலிங்கத்தைப் பார்த்தாள்.

"சன்னாசிதான் லா! என் கோழியத் திருடித் தின்ன பய. நெனச்சா இன்னும் வயிறு எரியுது" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

மண்டோர் மலாயில் "ஆயாம், ஆயாம்" என்று கையைச் சிறகாக அடித்துக் காட்டினார். சிப்பாய் சிரித்துவிட்டான்.

சன்னாசி கோலா கிளாவாங் மலைக்காட்டில் ஒளிந்திருந்து, சண்டை ஓய்ந்தபின் முழுசாக வந்து சேர்ந்தான். அதெல்லாம் பின்னால். படம் ஒட்டிய அன்று அமிர்தலிங்கத்தின் பயம் தீரவில்லை. சாயங்காலமே மங்கம்மா அவர் லயத்து வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, மூக்கு கொஞ்சம் பெரிசு."

"பயத்துல போட்டது, தங்கச்சி. மன்னிச்சிடு."

"அது கெடக்கட்டும். அவரு மொகம் எனக்கு மறந்துக்கிட்டே வந்துச்சு. சாமிகிட்ட வெச்சுக் கும்புட ஒண்ணு போட்டுக் குடுங்க."

"ஒன் வீட்டுல அந்த மொகத்தப் பாத்தானுங்கன்னா நம்ம ரெண்டு பேரு தலையும் போயிடும்மா."

"தெரியும்ண்ணே" என்றாள். போகவில்லை.

அமிர்தலிங்கம் பாதி எழுதி வைத்திருந்த ஜப்பான் பலகையை எடுத்து எழுத்தைச் சுரண்டினார்.

"கதவச் சாத்தும்மா."

"சாத்துனாத்தான் சந்தேகப்படுவானுங்க."

மங்கம்மா வாசலை மறைத்து உட்கார்ந்து கிழங்குத் தோலை உரிக்க ஆரம்பித்தாள். அவர் முனியாண்டியின் நெற்றியிலிருந்து தொடங்கினார்.