காந்தத்தில் ஒட்டாத ரிவெட்

என் சித்தி பிளாஸ்டிக்கில் போர்க்கவசம் செய்கிறவள். நாடகக் குழுக்காரர்கள், பள்ளி ஆண்டு விழாக்காரர்கள், கடை வாசலில் வீரன் வேஷத்தில் ஆள் நிறுத்துகிறவர்கள் எல்லோருக்கும் அவள் 'கவசக்காரம்மா'. மாடியில் இரண்டு அறைகள். உள்ளறையில் அவளும் சித்தப்பாவும் தூங்குவார்கள். முன்னறையில் தலையில்லாத ராஜாக்கள் சுவரோரமாக நிற்பார்கள். அலுவலகம் முடிந்ததும் நான் அங்கே போய் அவர்களுக்குப் பொன்வண்ணம் பூசிக்கொடுப்பேன்.

முதலில் சித்தி நாடக உடை தைப்பவளாகத்தான் இருந்தாள். துணிக் கவசம் வேர்வையில் நனைந்து வயிற்றில் தொங்கியதால் பிளாஸ்டிக்குக்கு மாறினாள். சித்தப்பா அப்போது பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவரும் அவளோடு வந்துவிட்டார். பஸ்ஸை விட ராஜா லேசு என்பார்.

வெட்டுவதும், சூடு காட்டி வளைப்பதும், துளை போடுவதும் சித்தி. ரிவெட் அடிப்பது சித்தப்பா. சித்தி இரண்டு தகடுகளின் துளைகளை ஒன்றாகப் பொருத்தி, பிளாஸ்டிக் பிய்ந்து போகாமலிருக்க அடியில் ஒரு வாஷரை வைத்து அழுத்திப் பிடிப்பாள். அவர் ரிவெட்டின் நீண்ட ஊசியை ரிவெட் கன்னின் மூக்கில் செருகி, துளையில் வைத்துக் கைப்பிடியை இறுக்குவார். ரிவெட் இறுகியதும் 'டக்' என்று ஊசி ஒடியும். "புடிச்சிருச்சு" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் சித்தி கையை எடுப்பாள். அவர்கள் தங்களுக்குள் அதிகம் பேசிய வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

அவர் கை தளர ஆரம்பித்தபோது பழி முதலில் கருவியின் மேல் விழுந்தது. "கன்னு மக்கர் பண்ணுது" என்று எண்ணெய் விட்டார். பிறகு சட்டைப் பொத்தான் மக்கர் பண்ணியது, தண்ணீர்க் குழாய் மக்கர் பண்ணியது. தசைகள் மெல்லச் சோர்ந்துபோகும் நோய் என்றார் டாக்டர். மாத்திரை அதன் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், நிறுத்தாது.

வெளியே வந்ததும் சித்தப்பா, "கவசம் போட்டவன் சண்டைக்குப் போறான், செஞ்சவன் ஆஸ்பத்திரிக்கு வர்றான்" என்றார்.

"எதுலதான் நீங்க வேகமா இருந்தீங்க, இதுல மட்டும் வேகமாப் போறதுக்கு" என்றாள் சித்தி. படி இறங்கும்வரை அவர் தோளைப் பிடித்திருந்தாள்.

புதிய ரிவெட் கன் வாங்க அவளோடு நானும் போனேன். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று ஒரு கையால் இறுக்குவது. ஒன்று, வேலி வெட்டும் கத்தரிபோல நீண்ட இரண்டு கைப்பிடிகள் உள்ளது. மற்றது பேட்டரியில் ஓடுவது. கையால் இறுக்கும் இரண்டையும் சித்தி மோதிர விரலாலும் சுண்டு விரலாலும் மட்டும் அழுத்திப் பார்த்தாள்.

"ஏம்மா, ரெண்டு விரலால யாரும் ரிவெட் அடிக்க மாட்டாங்க."

"எங்க வீட்ல அடிப்பாங்க."

"அப்ப பேட்டரிதான். பொத்தானைத் தொட்டா போதும், கொழந்தகூட அடிக்கும்."

நீட்டிய கருவியை அவள் தொடவில்லை. நீண்ட கைப்பிடி உள்ளதையே வாங்கினாள். வழியில் என்னிடம், "கொழந்தகூட அடிக்கும்னா அவரு எதுக்கு? அந்த ஒண்ணும் போச்சுன்னா மனுஷன் உக்காந்தவரு உக்காந்தவருதான்" என்றாள்.

சித்தப்பா ஒரு கைப்பிடியை மேசையில் ஊன்றி மற்றதன்மேல் உடம்பைச் சாய்த்து அடித்தார். கோடை முடியும்வரை அது ஓடியது. பிறகு உடம்பைச் சாய்த்தாலும் ஊசி ஒடியவில்லை.

அப்போதுதான் சித்தி ரிவெட்டை மாற்றினாள். அதே தடிமன், அதே தலை. ஊசி மட்டும் இரும்பு இல்லை, அலுமினியம். பாதி பலத்திலேயே ஒடிந்துவிடும். பிடிப்பும் அதற்குத் தகுந்த மாதிரிதான். அதைப் பழைய டப்பாவில் கொட்டி வைத்தாள். ஒடிந்த ஊசிகளைக் கயிற்றில் கட்டிய காந்தத்தால் தரையிலிருந்து எடுப்பது சித்தப்பாவின் வழக்கம். "நீங்க சிரமப்படாதீங்க" என்று இப்போது அவளே கூட்டி அள்ளினாள்.

டக். டக். சித்தப்பா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாத்தியா, மாத்திரை கேக்குது."

"ம்" என்றாள் சித்தி.

அன்றைக்கே அவர் தன் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னார். என்னிடம், "இன்னும் கொஞ்ச நாள்ல பழைய கன்னுக்கே போயிடலாம்" என்றார். நான் கிளம்பியபோது சித்தி படிவரை வந்தாள். "ரிவெட்டை மாத்தினதை எப்படிடி சொல்றது? சொன்னா ரிவெட்டோட மாத்திரையும் பொய்யாயிடும்."

பெரிய நாடகக் குழு ஒன்றின் ராஜாவுக்குக் கவசம் செய்ய வேண்டி வந்தது. ராஜாவின் நீண்ட அங்கி முழுவதும் இரண்டு தோள் தகடுகளில்தான் தொங்கும். சித்தி பக்கத்தில் பக்கத்தில் கூடுதலாகத் துளை போட்டாள்.

"என்ன, கவசத்துக்குப் பதிலா சல்லடை செய்யறியா?" என்றார் சித்தப்பா.

"இருக்கட்டும், காத்து வரும்."

முதல் ஷோ அன்று, சாவதற்கு முன் ராஜா கடைசியாக வாளை ஓங்கியதும் வலது தோள் தகடு அங்கியோடு கழன்று காலடியில் விழுந்தது. மறுநாள் எனக்கு விடுமுறை, காலையிலேயே அங்கே இருந்தேன். குழுவின் மேனேஜர் அதைப் பையில் போட்டு எடுத்து வந்தார்.

"ராஜா சாகற சீன்ல ஜனங்க சிரிக்கறாங்கம்மா. சாயங்காலம் திரும்ப ஷோ, மதியம் வந்து எடுத்துட்டுப் போறேன். இன்னைக்கும் விழுந்தா, மிச்சப் பேருக்கான கவசத்தை நாங்க வேற எடத்துல பாத்துக்கறோம்."

அவர் போன பிறகு சித்தப்பா தகட்டை மடியில் வைத்துத் தடவினார். பிளாஸ்டிக் கிழியவில்லை. ரிவெட்டுகள்தான் பிடி விட்டிருந்தன. டப்பாவிலிருந்து ஒரு புது ரிவெட்டை எடுத்துக் காந்தத்தில் வைத்தார். ஒட்டவில்லை. இன்னொன்றை வைத்தார். அதுவும் விழுந்தது.

"எப்பலேருந்து?"

"மழை ஆரம்பிச்சதுலேருந்து."

மாத்திரையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "பேட்டரி கன்னு வாங்கிட்டு வா" என்றார் சித்தியிடம். "இரும்பு ஊசி ரிவெட்டும்."

நானே போய் வாங்கி வந்தேன். சித்தி தகடுகளை மேசையில் பொருத்தினாள். ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பொத்தானை அழுத்தினாள். கருவி உறுமியது. டக். வழக்கம்போல, அவருடைய 'புடிச்சிருச்சு'க்காக அவள் கை தகட்டின் மேலேயே நின்றது. சித்தப்பா நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாஷர் வைக்கல" என்றார்.

சித்தி தகட்டைத் தூக்கி அடியில் பார்த்தாள். வாஷர் இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் அதை மறந்ததே இல்லை.

"மறந்துட்டேன்."

"எனக்காக மறந்தியா?"

"இல்லைங்க. நிஜமாவே மறந்துட்டேன்."

அவர் தலையை ஆட்டினார், குழந்தை சொல்லும் கதைக்கு ஆட்டுவதுபோல. சித்தி இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தாள். பிறகு டிரில்லை எடுத்து அந்த ரிவெட்டின் தலையைக் குடைந்து எடுத்தாள். வாஷரை வைத்தாள். அது கீழே உருண்டது. எடுத்துத் திரும்பவும் வைத்து, பொத்தானை அழுத்தினாள்.

டக்.

அவள் கையை எடுக்கவில்லை. சித்தப்பா காந்தத்தின் கயிற்றை விரலில் சுற்ற முயன்றுகொண்டிருந்தார். கீழே மேனேஜரின் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சித்தி கையை எடுத்து, அடுத்த துளையில் வைத்தாள்.