ரோலருக்கு வாங்கிய வெல்லம்

ஆம்பூர் என்றாலே தோல் பதனிடும் ஷாப்பு நாற்றம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது அச்சு மையும் காய்ச்சிய வெல்லமும் கலந்த வாசனைதான். நான் சித்தி வீட்டில் வளர்ந்தவள். முன்னறையில் சித்தியும் சித்தப்பாவும் வாழ்த்து அட்டை அச்சடித்தார்கள்.

சித்தப்பா அச்செழுத்துக் கோப்பார். மிஷின் வேலை சித்தியுடையது. காலால் மிதித்துக்கொண்டே ஒரு கையால் அட்டையை வைத்து மறு கையால் எடுப்பாள், ஒன்றுகூடக் கோணாது. மேல்விஷாரம் தோல் முதலாளிகளுக்கு ரம்ஜான் பிறை, மற்றவர்களுக்குப் பொங்கல் கரும்பு. அவளைப்போல ஒரு பெண்ணை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

எழுத்தின்மேல் மை தடவும் ரோலரை நாங்களே வார்ப்போம். தோல் கழிவில் காய்ச்சிய வச்சிரப் பசையை ஊறவைத்து, வெல்லத்தோடு உருக்கிக் குழாயில் ஊற்ற வேண்டும். வெல்லம் குறைந்தால் ரோலர் இறுகிப்போகும், மை பிடிக்காது.

அந்த வருஷம் தோல் கம்பெனி துரைசானி முதல் தடவையாக மதராஸ் அச்சகத்தை விட்டு எங்களிடம் கிறிஸ்துமஸ் அட்டை கேட்டிருந்தாள். சீமைக் கப்பலைப் பிடிக்க அட்டைகள் வெள்ளிக்கிழமை ரயிலில் போயாக வேண்டும். செவ்வாய்க்கிழமை பார்த்தால், ரோலரில் பாதியை எலி தின்றிருந்தது.

"எலிக்கு நம்ம ரோலர்னா அல்வா," என்றார் சித்தப்பா.

"சிரிங்க. இது தவறிச்சின்னா அந்தம்மா மறுபடி நம்ம வாசல் பக்கம் வருமா?" என்றாள் சித்தி. உடனே வச்சிரத்தை ஊறப்போட்டாள். வெல்லம் வாங்கி டின்னில் வைத்தாள்.

டின் என் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. முதலில் ஒரு துண்டுதான். அப்புறம் விளிம்பைச் சமமாக்க இன்னொரு துண்டு. சமமே ஆகவில்லை.

புதன்கிழமை சித்தி அட்டை வெட்டிக்கொண்டிருக்க, சித்தப்பா டின்னில் இருந்ததைப் போட்டுக் காய்ச்சி வார்த்தார். வியாழக்கிழமை குழாயிலிருந்து உருவினால், ரோலர் கட்டைபோல வந்தது. அச்சடித்த அட்டையில் நட்சத்திரம் பாதிதான் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து துரைசானியின் பட்லர் வந்து நின்றார். "ஆவுமா ஆவாதான்னு கேக்கறாங்கம்மா. ஆவாதுன்னா வேற ஆளுக்குத் தந்தி குடுக்கணுமாம்."

"நாளைக்குப் பத்து மணிக்கு வா அண்ணே. கட்டா கட்டி வச்சிருப்பேன்," என்றாள் சித்தி, குரல்கூட மாறாமல். அவர் போனபிறகுதான் திரும்பினாள். "வெல்லத்துல யாரு கை வச்சது?"

நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். தொண்டையில் வெல்லம் இன்னும் இனித்துக்கொண்டிருந்தது.

"நான்தான்," என்றார் சித்தப்பா.

"இன்னா மனுசன்யா நீ! எலியே தேவலாம்!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சித்தி அதற்குமேல் ஒரு வார்த்தை வீணாக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாயம்மா பாயசத்துக்கு வைத்திருந்த வெல்லத்தை வாங்கி வந்து, ரோலரை வெட்டிப் போட்டு மறுபடி உருக்கி வார்த்தாள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் மிதிக்க உட்கார்ந்தாள். பட்லர் வரும்போது கடைசிக் கட்டுக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தாள். அட்டையில் நட்சத்திரத்தின் ஐந்து முனையும் ஊசிபோல இருந்தன. அடுத்த வருஷமும் துரைசானி எங்களிடம்தான் வந்தாள்.

எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்ட சித்தப்பாவை அன்றுமுதல் தெய்வமாக நினைத்தேன். கல்யாணமாகிப் போனபிறகும், ராத்திரி ஜெபத்தில் அவர் பெயரைத்தான் முதலில் சொல்வேன்.

வயசான காலத்தில் அவருக்கு நீரிழிவு வந்துவிட்டது. பார்க்கப் போயிருந்தபோது, சர்க்கரை இல்லாத காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"ரோலர் வெல்லம் தின்னேனே, ஞாபகம் இருக்கா பாப்பா? உங்க சித்தி எலின்னு திட்டினாளே. ஆனா சத்தியமா சொல்றேன், நான் தின்னது ரெண்டே துண்டு. மீதி எப்படிக் கொறஞ்சிதுன்னுதான் இன்னிவரைக்கும் புரியல."

எனக்கு நாற்பது வருஷத்துக் கூச்சம். வாயைத் திறந்தேன்.

"எலியா இருக்கும், சித்தப்பா," என்றேன்.